எண்பதாம் நம்பர் கதவு

உப்பாற்றுத் தெருவில் மொத்தம் முப்பத்தொரு வீடு, பின்வாசலையும் சேர்த்துக் கதவு எண்ணினால் அறுபதைத் தாண்டாது, ஆனாலும் அந்தத் தெருவில் எண்பதாம் நம்பர் கதவு என்று ஒன்று இருந்தது, அது பிரமு வீட்டில் மிக்சிக்கும் அரிசி டின்னுக்கும் நடுவில் இருந்தது, அதைத் திறந்துவிட்டவள் பிரமுதான், திறந்துவிட்ட அன்று மத்தியானம் அவள் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போதே முதல் ஆள் வந்து வாசலில் நின்றுவிட்டார்.

பிரமுவுக்கு முழுப் பேர் பிரம்மசக்தி. இருபத்துநாலு வயசு, எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு, இடுப்பில் இரண்டு வயசு நித்திலா. கடைக்குப் போனால் சோப்பு வேண்டும் என்று வாய் திறந்து கேட்கமாட்டாள், சோப்பு இருக்கிற பக்கம் விரலைக் காட்டுவாள், கடைக்காரர் வேறு சோப்பை எடுத்துக் கொடுத்தாலும் அதையே வாங்கிக்கொண்டு வந்து குளிப்பாள். அப்படிப்பட்ட கூச்சம். ஆனால் கல்யாணத்துக்கு முந்தி அவளும் அவள் அக்கா ஆவுடையும் தூத்துக்குடியில் ஒரு ஸ்டெபிலைசர் பட்டறையில் நாலு வருஷம் ஈயம் பத்தவைத்தவர்கள். மயில் படம் ஒட்டிய தகரப் பெட்டிக்குள் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். பட்டறைக்குச் செம்புக் கம்பி கொண்டுவந்து போடுகிற வேறு சாதிப் பையனோடு ஆவுடை ஒருநாள் போய்விட்டாள். போகும்போது அவள் எடுத்துப்போனது ஒரு கட்டைப்பையும், தன் கையால் செய்த மயில் ஸ்டெபிலைசர் ஒன்றும்தான். அவர்களுடைய அப்பா கொம்பையா அன்றைக்கே வீட்டில் இருந்த போன் நம்பர்களை எல்லாம் மாற்றினார், இனிமேல் அந்தப் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்றார். ஏழு வருஷம் யாரும் எடுக்கவில்லை. பிரமு மட்டும் மனசுக்குள் எடுப்பாள், தினமும், பல் தேய்க்கிறபோது ஒருதரம், விளக்கு வைக்கிறபோது ஒருதரம்.

பிரமுவின் வீட்டுக்காரன் சுயம்பு லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு கம்ப்யூட்டர் சென்டரை மூடியபோது மேசை நாற்காலி ஏற்றப் போனவன், திரை உடைந்த லேப்டாப் ஒன்றைப் பிள்ளை தட்டி விளையாடட்டும் என்று கொண்டுவந்து போட்டான். பிள்ளை தட்டுவதற்கு முன்னாலேயே பிரமு அதைக் கழற்றிவிட்டாள். தூசியை ஊதி, காய்ந்துபோன பசையைச் சுரண்டிப் புதுசு தடவி, பழைய டிவியைத் திரையாக மாட்டி, மூன்றாம் நாள் அதை எழுப்பி மிக்சிக்கும் அரிசி டின்னுக்கும் நடுவில் உட்காரவைத்துவிட்டாள். அப்புறம் நித்திலா தூங்குகிற ஒன்றரை மணி நேரத்தில் போனில் பாடம் பார்த்துப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். தப்பாக எழுதினால் எத்தனையாவது வரியில் தப்பு என்று மெஷின் சொல்லும், ஆனால் சிரிக்காது, பக்கத்து வீட்டு மெஷினிடம் போய்ச் சொல்லாது, அந்தக் குணம் பிரமுவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அவள் முதலில் செய்தது தண்ணீருக்காக. உப்பாற்றுத் தெருவில் நல்ல தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும், அந்த மூன்றாம் நாளும் எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது, காலையிலிருந்து குடங்கள் வரிசையில் நிற்கும், குடத்துக்குப் பின்னால் பெண்கள் நிற்பார்கள். பிரமு தீப்பெட்டி அளவு போர்டு ஒன்றில் மிதவை ஒன்றைக் கட்டிக் குழாயடித் தொட்டிக்குள் இறக்கினாள். தண்ணீர் வந்து மிதவை ஏறினால் அவள் மெஷினுக்குத் தெரியும், மெஷின் ஒரு பக்கத்தில் எழுதிவைக்கும், அந்தப் பக்கத்தைப் போனில் திறந்தால் 'தண்ணி வந்துட்டு' அல்லது 'தண்ணி இல்லை' என்று இருக்கும். அரை நிமிஷத்துக்கு ஒருதரம் அந்தப் பக்கம் தன்னைத்தானே புதுசு பண்ணிக்கொள்ளும். உப்பளத்துக்கு வேலைக்குப் போன பெண்களும் அங்கிருந்தே பார்க்கவேண்டும் என்றுதான் மெஷினுக்குள் போக இருக்கிற எண் போட்ட கதவுகளில் எண்பதாம் நம்பர் கதவை அவள் வெளியுலகத்துக்குத் திறந்துவிட்டாள், உலகத்தில் யார் பக்கத்தைத் திறந்தாலும் அந்தக் கதவு வழியாகத்தான் வரவேண்டும் என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள், சொன்னபடியே அவர்கள் வந்தார்கள்.

முதலில் வந்தவர் பாதி முகத்தில் சவர நுரையோடு வந்தார். நடையில் நின்று, முகத்துக்கு நேராகக் காற்றில் எதையோ வாசிக்கிறமாதிரி பார்த்தார். யார் வேணும் என்று சுயம்பு இரண்டுதரம் கேட்டான், பதில் இல்லை, கேட்டதாகவே தெரியவில்லை. பத்து விநாடி நின்றார், அப்புறம் இல்லை. பிரமு டிவித் திரையைப் பார்த்தாள், இன்ன நேரத்துக்கு ஓர் ஆள் பக்கத்தைத் திறந்தார் என்று மெஷின் ஒரு வரி எழுதியிருந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவதாக, தோளில் பனி ஒட்டிய கம்பளிக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்தாள், திரையில் இரண்டாவது வரி வந்தது. அப்போ சரி, திறந்திருக்காவ, அதான் வந்துட்டாவ என்று சொல்லிவிட்டு சுயம்பு சாப்பிட உட்கார்ந்தான்.

உள்ளூர்க்காரர்கள் திறந்தால் யாரும் வந்து நிற்கவில்லை, அவர்கள் ஏற்கெனவே அங்கேதானே இருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் மட்டும் வந்தார்கள். முதல் நாள் ஒன்பது பேர், இரண்டாம் நாள் முப்பது பேர். திறந்த நேரத்தில் என்ன கோலத்தில் இருந்தார்களோ அந்தக் கோலத்தோடு வந்தார்கள், இட்லி மாவு கையோடு, ஈரத் தலையோடு, ஒரு கால் செருப்போடு. நெட் மெதுவான ஊர்க்காரர்கள் மேலேயிருந்து கீழாக வந்தார்கள், தலை முதலில் வந்து காற்றில் நிற்கும், கழுத்து வர ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரம் ஆகும், கால் வருவதற்குள் சிலபேர் பொறுமை இல்லாமல் பக்கத்தை மூடிவிடுவார்கள், அரை ஆளாகவே போய்விடுவார்கள். சிலர் உட்கார்ந்த நிலையிலேயே வந்தார்கள், எதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் யாருக்கும் பிடிபடவில்லை, பிடிபட்டதும் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பினார்கள், அன்று சாயங்காலத்துக்குள் பிரமு வீட்டு வாசலுக்கு இடப்புறம் பழைய சேலையில் ஒரு திரை கட்டியாகிவிட்டது, அப்படி வருகிறவர்களை இரண்டு ஆண்கள் மெல்ல நகர்த்தித் திரைக்குப் பின்னால் விட்டார்கள். நகர்த்தினால் நகர்ந்தார்கள், பஞ்சு மூட்டை மாதிரி, கனமே இல்லை.

எதிர்வீட்டுச் செல்லத்தாய்தான் முதலில் சண்டைக்கு வந்தவள். இடியாப்பம் விற்கிறவள், தெருவுக்கே கேட்கிற குரல், பிரமுவுக்குச் சித்தி முறை.

"ஏளா, வந்த ஆளுக பாக்குறது உன் எழுத்தை மட்டுந்தானே. அதுல என்ன போட்டிருக்க? தண்ணி இல்லைன்னு போட்டிருக்க. வீடு தேடி வந்தவனுக்கு நம்ம தெரு சொல்லுத முதல் வார்த்தை தண்ணி இல்லைன்னா, வெளங்குமா நம்ம தெரு?"

பிரமுவுக்கு முகம் சிவந்துவிட்டது. இதை அவள் யோசிக்கவே இல்லை. பாடம் நடத்திய ஆட்களும் யோசித்ததாகத் தெரியவில்லை. உடனே உட்கார்ந்து பக்கத்தின் மேலே 'வாங்க, உக்காருங்க' என்று எழுதினாள். எழுதின அடுத்த அரை நிமிஷத்தில் வாசலில் நின்ற நாலு பேரும் தெருவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அப்போதுதான் தெருவுக்கு விஷயம் புரிந்தது. நாம் பேசுவது அவர்கள் காதில் விழாது, நம் முகம் அவர்கள் கண்ணில் படாது, ஆனால் பிரமு எழுதினால் போதும். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற பிளாஸ்டிக் நாற்காலிகள் ஐம்பது வந்தன. வெயில் படாமல் பந்தல் வந்தது. தண்ணீர் இல்லாத நாளிலும் மோர் உண்டு என்று எழுதச் சொன்னார்கள், எழுதினாள், நாற்காலிக்கு நாற்காலி டம்ளர் வைத்தார்கள், யாரும் கையால் எடுக்கவில்லை, ஆனாலும் ஆள் போனபிறகு பார்த்தால் டம்ளரில் ஒரு விரற்கடை குறைந்திருந்தது.

அப்புறம் சாவிக்காரர்கள் வந்தார்கள். கதவு ஒன்று திறந்திருக்கிறது என்று தெரிந்தால் மற்றக் கதவுகளையும் தட்டிப் பார்க்க ஒரு கூட்டம் வரும், அது மெஷின் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். எல்லாரும் ஒரே மாதிரி சாம்பல் நிறச் சட்டை, ஒரே மாதிரி முகம், இடுப்பில் ஆளுக்கு ஒரு பெரிய சாவிக்கொத்து. கோபம் கிடையாது, பேச்சுக் கிடையாது. பூட்டைக் கண்டால் உட்கார்ந்து ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பார்கள், இது இல்லை, இது இல்லை, இது இல்லை. பிரமு பயந்துபோய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, ஐந்துதரம் தப்புச் சாவி போட்டவன் அதற்குமேல் மெஷின் பக்கமே போகமுடியாதபடி எழுதிவைத்தாள். ஆனால் தெருவை விட்டுப் போக அவர்களுக்குத் தெரியவில்லை. செல்லத்தாய் யோசித்தாள். அவள் வீட்டில் சாவி தொலைந்து பதினொரு வருஷமாகத் திறக்காத டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது, அதைக் கொண்டுவந்து ஒரு சாவிக்காரன் முன்னால் வைத்தாள். மறுநாள் பதினோரு மணிக்கு அது திறந்துகொண்டது, உள்ளே அவள் கல்யாணப் பட்டு இருந்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து சாவி தொலைந்த பெட்டி, துருப்பிடித்த பூட்டு, சாவி உள்ளே மாட்டிக்கொண்ட பைக் எல்லாம் பக்கத்து ஊர்களிலிருந்தும் உப்பாற்றுத் தெருவுக்கு வந்து சேர்ந்தன, சாவிக்காரர்களும் கை ஓயாமல் சந்தோஷமாக இருக்கிறமாதிரிதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை தோறும் ஒருத்தி வருவாள். அவளை வாசிக்கிறவள் என்று கூப்பிட்டார்கள். அவள் உட்காரமாட்டாள். பக்கத்தை வாசித்துவிட்டு, வீடு வீடாகப் போய் காலண்டர், மருந்துச் சீட்டு, மிளகாய்த்தூள் பாக்கெட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும் விரலை ஓட்டி வாசித்துவிட்டுப் போவாள். அவள்தான் எங்கே என்ன இருக்கிறது என்று வெளியுலகத்தில் போய்ச் சொல்கிறவள், யாராவது எதையாவது தேடினால் அவள் சொல்லித்தான் கிடைக்கும் என்று பிரமு ஒருநாள் சுயம்புவிடம் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு டிவித் திரை முன்னால் போய் உட்கார்ந்தாள். என்னாச்சு என்று சுயம்பு கேட்டான். யாராவது எதையாவது தேடினா, என்று பிரமு மறுபடி சொன்னாள், எங்க அக்கா எதைத் தேடுவா.

அன்று அவள் சோறு தின்னவில்லை. ஆவுடைக்குத் தங்கையின் நம்பர் தெரியாது, பக்கத்தின் பேர் தெரியாது, இப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது. ஆனால் அவளிடம் மயில் ஸ்டெபிலைசர் இருக்கிறது. ஏழு வருஷத்தில் அதற்குள் கரண்டைக் கூட்டிக் குறைத்து மாற்றிவிடுகிற ரிலே கட்டாயம் தேய்ந்திருக்கும், டக் டக் என்று அடிக்கும், பட்டறை மூடியாகிவிட்டது, வேறு யாருக்கும் அதைப் பிரிக்கத் தெரியாது. ஆவுடையே பிரித்துவிடுவாள், ஆனால் உள்ளே ஒரு மஞ்சள் கம்பி உண்டு, ரிலேயின் எந்தக் காலில் போய்ச் சேருகிறது என்று அது மட்டும் அவளுக்கு எப்போதும் மறந்துபோகும், பட்டறையிலேயே தங்கச்சியைத்தான் கேட்பாள். பிரமு எழுதினாள். மயில் படம் போட்ட ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்தால் என்ன செய்யவேண்டும் என்று தலைப்புப் போட்டு, திருகாணி கழற்றுவதிலிருந்து ரிலே மாற்றுவதுவரை எழுதி, மஞ்சள் கம்பியைத் தனியாகப் படம் வரைந்து போட்டாள். செவ்வாய்க்கிழமை வாசிக்கிறவள் வந்து அதன்மேல் விரலை ஓட்டினாள். பிரமு பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தெருவில் யாரிடமும் அவள் சொல்லவில்லை, ஆனால் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. கையில் ஸ்குரு டிரைவரோடு ஆள் வந்தால் பிரமு ஓடிவந்து முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறாளே, அது போதாதா. பழைய ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு சலூன்காரர் வந்தார், ஒரு கன்னியாஸ்திரி வந்தார், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு வாத்தியார் இரண்டு மணி நேரம் நின்றார். ஒவ்வொருவர் வரும்போதும் செல்லத்தாய் இடியாப்ப உரலை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள், அவ இல்லளா என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள், பிரமுவுக்கு ஓட்டம் மிச்சம். மெஷின் சூடேறாமல் இருக்க சுயம்பு தன் ஆட்டோவிலிருந்த சின்ன ஃபேனைக் கழற்றி மாட்டினான். கரண்ட் போனாலும் அணையாமல் இருக்க பிரமு பழைய பேட்டரி ஒன்றுக்கு உயிர் கொடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். யாரும் எதற்காக என்று கேட்கவில்லை. எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள், கொம்பையாவைத் தவிர.

கொம்பையா தெருமுனை வீட்டில் தனியாக இருந்தார், மனைவி இறந்தபிறகு சாப்பாடு மட்டும் பிரமு வீட்டில். நாற்காலிகளுக்கு நடுவே, சாவிக்காரர்களுக்கு நடுவே, யாரையும் பார்க்காமல் தோளில் துண்டைப் பிடித்துக்கொண்டு வருவார், சாப்பிடுவார், போவார். யார் வந்து நின்றால் எனக்கென்ன என்பார். ஸ்குரு டிரைவர்க்காரர்கள் எதற்கு வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று தெருவில் இரண்டு கட்சி இருந்தது.

ஸ்டெபிலைசர் பக்கம் எழுதிய நாலாவது வாரம் வியாழக்கிழமை, கொம்பையா தட்டில் கைவைத்த நேரம், திரையில் புதுசாக ஒரு வரி விழுந்தது, ஆனால் செல்லத்தாய் எதிர்வீட்டிலிருந்து அவ இல்லளா என்று சொல்லவில்லை. அந்தச் சத்தமில்லாமையைக் கேட்டுத்தான் பிரமு வெளியே வந்தாள்.

தலை முதலில் வந்தது. முன்நெற்றியில் ஒரு கீற்று நரை. வாயில் ஸ்குரு டிரைவரைக் குறுக்கே கடித்திருந்தாள், பட்டறையில் கடித்திருப்பாளே அதேமாதிரி. அப்புறம் கழுத்து, கழுத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் ஸ்கூல் டை, இஸ்திரி போடும்போது தொங்கவிட்டதாயிருக்கும். அப்புறம் தோள், நைட்டி, முழங்கை, கொஞ்சம் பருத்திருந்தாள். கால் வந்து சேர்வதற்குள் பிரமு அக்கா அக்கா என்று கூப்பிட்டுவிட்டாள், சோப்புக் கேட்க வராத வாய் தெருமுனைவரை கேட்கக் கூப்பிட்டது. ஆவுடை காற்றில் மஞ்சள் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எழுதுளா," என்றாள் செல்லத்தாய். "வாயால கூப்பிட்டா கேக்குமா அவளுக்கு. போய் எழுது."

பிரமு ஓடினாள். நித்திலாவை சுயம்பு வாங்கிக்கொண்டான். ஸ்டெபிலைசர் பக்கத்தின் உச்சியில், திருகாணிக்கும் மேலே, 'அக்கா நான் பிரமு, போயிராத' என்று எழுதிச் சேமித்தாள். பக்கம் தன்னைப் புதுசு பண்ணிக்கொள்ள அரை நிமிஷம். தெருவே அந்த அரை நிமிஷத்தை வாய்விட்டு எண்ணியது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது. ஆவுடையின் உருவம் கண் சிமிட்டுகிறமாதிரி ஒருதரம் மினுங்கியது, அவள் பார்வை மேலே போனது, நின்றது. வாயிலிருந்த ஸ்குரு டிரைவர் கீழே விழுந்தது, சத்தம் கேட்கவில்லை. அவள் உதடு அசைந்தது, அதுவும் கேட்கவில்லை.

பதில் சொல்ல அவளுக்கு வழி இல்லை. பிரமுவின் பக்கத்தில் வாசிக்கத்தான் முடியும், எழுத முடியாது, தண்ணீர் வருதா என்று பார்க்கிற பக்கத்துக்கு அது எதற்கு என்று அவள் வைக்கவே இல்லை. இப்போது வைக்கவேண்டும், அக்கா நிற்கும்போதே வைக்கவேண்டும். எழுதுகிற கட்டம் ஒன்று, அனுப்புகிற பொத்தான் ஒன்று, வந்ததை வாங்கித் திரையில் காட்ட ஏழெட்டு வரி, அவளுக்குத் தெரிந்ததுதான், தினமும் செய்வதில்லை, அவ்வளவுதான். பிரமுவின் விரல் பறந்தது. சித்தி பின்னால் நின்று வேகமா வேகமா என்றாள், சித்தி பேசாம இரு என்று பிரமு சொன்னாள், பிரமு தன்னை அதட்டினாள் என்பதையே செல்லத்தாய் அன்றைக்குக் கவனிக்கவில்லை. சேமித்தாள்.

சேமித்ததும், பக்கத்தைத் திறந்து வாசலில் வந்து நின்ற அத்தனை பேரும் வெளுத்தார்கள். வெயிலில் காய்ந்த சாயம் மாதிரி வெளுத்து, நாற்காலி நாற்காலியாகக் காலியாகி, மறுபடி வந்திருந்த சலூன்காரர், கன்னியாஸ்திரி, ஒரு காலோடு வந்துகொண்டிருந்த யாரோ ஒருவர், எல்லாரும் போய், கடைசியாக ஆவுடை போனாள். பக்கம் உடைந்துவிட்டது. உடைந்த பக்கம் தானாகப் புதுசாகாது, பிரமு சரிபண்ணினாலும் மறுமுனையில் இருக்கிற ஆள் தன் கையால் மறுபடி திறந்தால்தான் உண்டு.

நாற்பத்திரண்டாவது வரியில் தப்பு என்று மெஷின் சொன்னது. பிரமு பார்த்தாள், சரியாக இருந்தது. மறுபடி பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. கண்ணில் தண்ணீர் மறைத்தது. பட்டறையில் ஒருநாள் அக்கா சொன்னாள், விளக்கு எரியலன்னா எரியாத இடத்தைப் பாக்காத, அதுக்கு முந்தின இடத்தைப் பாரு என்று. நாற்பத்தொன்றாவது வரியில் ஒரு மேற்கோள் குறியை மூடாமல் விட்டிருந்தாள். மூடினாள். சேமித்தாள்.

வாசல் காலியாக இருந்தது. ஐம்பது நாற்காலி, ஐம்பது டம்ளர். சாவிக்காரர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். யாரும் எண்ணவில்லை, எதை எண்ணுவது என்று தெரியவில்லை. வெறும் நாற்காலிக் கூட்டத்தை ஒரு நாய் நடந்து கடந்தது. சுயம்புவின் தோளில் நித்திலா விரலை நீட்டி, ஆள், என்றாள்.

காற்றில் ஒரு கீற்று நரை இருந்தது. பிறகு நெற்றி. பிறகு ஆவுடை முழுசாக, இந்தமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலும் வேகமாகக் காற்றில் தட்ட, வந்தாள். டிவித் திரையில் எழுத்து விழுந்தது.

'பிரமுவா. நீயா எழுதுன இதெல்லாம். அப்பா இருக்காவளா.'

செல்லத்தாய் சத்தம்போட்டு வாசிக்கப்போனாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். கொம்பையா சோற்றுக் கையோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. திரையை வாசித்தார். வாசலைப் பார்த்தார். அந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு அவர் தெரியமாட்டார், அவள் பார்வை அவரைத் தாண்டி எங்கேயோ இருந்தது, அவர் மட்டும் அவளைப் பார்க்கலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், யாருக்கும் தெரியாமல். தெருவே அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதுகூட அவருக்கு மறந்துபோயிருக்கவேண்டும். கை காய்ந்துகொண்டிருந்தது. ஆவுடை ஒருதரம் மினுங்கினாள், அரை நிமிஷம் போய்விட்டது. இன்னொருதரம் மினுங்கினாள். போன் கையில் கனக்கிறமாதிரி அவள் தோள் இறங்கியது.

பிரமு திரும்பினாள். பிறந்ததிலிருந்து அப்பாவிடம் ஒரு கேள்வியும் கேட்காதவள்.

"எப்பா, என்ன எழுத?"

கொம்பையா இடது கையால் துண்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். இதற்கு மேலும் அவர் பேசாவிட்டால் அந்த ஏழு வருஷம் எழுபது வருஷமாகிவிடும் என்று செல்லத்தாய்க்குத் தெரிந்தது, அவள்கூட வாயைத் திறக்கவில்லை.

"எங்க இருந்து வந்தாலும்," என்றார் கொம்பையா, தரையைப் பார்த்து, "தூத்துக்குடி வந்துதான் வண்டி மாறணும். காலைல அஞ்சே முக்காலுக்கு ஒரு வண்டி உண்டு. பழைய ஸ்டாப்புல இறங்கக் கூடாது, அதை எடுத்துட்டாவ. அவளுக்குத் தெரியாது. பாலம் தாண்டி, பெட்ரோல் பங்குக்கு எதுத்தாப்ல. அதை எழுது."

பிரமு எழுதினாள். எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்திருந்தது. சேமித்தாள். இந்தமுறை தெரு எண்ணியபோது சத்தம் பந்தலைத் தூக்கிவிடும்போல இருந்தது, உரலடியில் உட்கார்ந்திருந்த சாவிக்காரன் ஒருவன்கூடத் தலையை ஆட்டி ஆட்டி எண்ணினதாகப் பின்னால் சொன்னார்கள். முப்பது. ஆவுடை வாசித்தாள். ஒருதரம் வாசித்து, மறுபடி முதலிலிருந்து வாசித்து, கழுத்தில் கிடந்த பிள்ளையின் டையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்புறம் கட்டைவிரல் அசைந்தது, முன்னைப்போல வேகமாக இல்லை, ஒவ்வொரு எழுத்தாக.

'நாங்க நாலு பேரு.'

நாலு என்றால் யார் யார் என்று எல்லாரும் மனசுக்குள் ஆள் சேர்த்தார்கள், அவள், டை கட்டுகிற பிள்ளை, இன்னொரு பிள்ளை, அப்புறம் அவள் கூடப் போன அந்தச் செம்புக் கம்பிப் பையன். சுயம்பு நித்திலாவை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். பிரமுவின் விரல் கீபோர்டின்மேல் தொடாமல் நின்றது, அவள் இந்தமுறை கேட்கவில்லை, அப்பாவின் முகத்தையும் பார்க்கவில்லை, அவருடைய காய்ந்துபோன சோற்றுக் கையை மட்டும் பார்த்தாள்.

"நாலு பேரா," என்றார் கொம்பையா.

ஆவுடை மறுபடி ஒருதரம் மினுங்கினாள்.

"அஞ்சே முக்கால் வண்டி மீன்கூடை ஏறுத வண்டி. நாலு பேருக்கு உக்கார இடம் கிடைக்காது, பிள்ளையள வச்சிக்கிட்டு நிக்க முடியாது. ஆறரை வண்டிக்கு வரச் சொல்லு."

சொல்லிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அந்த மொட்டை வெயிலில் கொம்பையா இறங்கி நடந்தார். எங்கே போறீய என்று சுயம்பு கேட்டதற்கு, ஆறரை வண்டி இன்னும் ஓடுதா நிறுத்திட்டானான்னு பங்குக்காரன்கிட்ட கேக்காண்டாமா, என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார், நாற்காலிகளுக்கு நடுவே, ஆவுடையின் பக்கமாகப் போகும்போது மட்டும் கொஞ்சம் ஒதுங்கி, அவள்மேல் இடித்துவிடாமல், பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்துப் போனார்.